மயக்கத்துக்கு இந்த ஊர்ச் சொல்

அன்புள்ள அக்கா,

போர்வைக்குள் ஒளிந்து எழுதுகிறேன். தண்டனையாக வெயிலில் நின்ற என் பக்கத்துக் கட்டில் ஹெஸ்டர் நேற்று விழுந்துவிட்டாள்.

"வெறும் மயக்கம்தான். வீட்டுக்கு அனுப்பியாச்சு, போய்ப் படிங்க," என்றார் தலைமையாசிரியை. அவள் காலணிகள் இன்னும் கட்டிலடியில் கிடக்கின்றன.

சமையல்காரி, "பாவம், புள்ள ஸ்வெல்ட் ஆயிடுச்சு," என்று முணுமுணுத்தாள். யார்க்‌ஷயரில் மயங்குவதை அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குச் சாவது என்றுதான் பொருள், மயக்கம் பிறகு வந்தது என்று வகுப்பில் படித்தோம். எந்தப் பொருளில் சொன்னாள் என்று கேட்டேன்.

"கஞ்சியக் குடிடி, வாயாடி," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்படிக் கேட்டது தலைமையாசிரியையின் காதுக்கு எட்டிவிட்டது; நாளை ஹெஸ்டர் நின்ற இடத்தில் நான் நிற்க வேண்டுமாம்.

நான் மயங்கிவிட்டதாக உனக்குக் கடிதம் வந்தால் நம்பிவிடாதே. எந்தப் பொருளில் என்று நேரில் வந்து கேள்.

உன் தங்கை