சுண்ணாம்புக்குள் போன வெள்ளக் கோடு

பட்டாபிராம்,
9-2-1986.

அன்புள்ள வசந்தகுமாரிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பெரியவனும் புதிதாய் வந்த குட்டியும் சௌக்கியமாய் இருக்க வேண்டும் என்று மாங்காட்டு அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மண்டைதான் கொதிக்கிறது, காரணம் உன் அப்பா. அவர் போட்ட கார்டு இதற்குள் பிலாய்க்கு வந்திருக்கும். நவம்பர் வெள்ளத்தின்போது நான் உனக்குப் போட்ட இன்லண்டு லெட்டரை உடனே ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பச் சொல்லியிருப்பார். அனுப்பாதே. ஏன் என்று சொல்கிறேன், முழுசாய்ப் படி.

போன வாரம் வெள்ளத்தைக் கணக்கெடுக்க சர்க்கார் ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நின்றது, எத்தனை நாளில் வடிந்தது, நடக்க முடியாதவர்கள் எத்தனை பேர் என்று வீடு வீடாய்க் கேட்டு, பரீட்சை பேப்பர் திருத்துகிற மாதிரி தெருவுக்குத் தெரு மார்க் போடுகிறார்கள். அதிகம் அடிபட்ட தெருவுக்குத்தான் அடுத்த மழைக்குள் பெரிய கால்வாய் வெட்டுவார்களாம். வாய்ச்சொல் செல்லாதாம், சுவரில் தண்ணீர் நின்ற கறைக் கோடு இருக்க வேண்டுமாம், அதை டேப் வைத்து அளப்பார்களாம். நம் தெருவில் கோடு எங்கே இருக்கிறது? பொங்கலுக்கு உன் அப்பா சும்மா இருந்தாரா? நம் வீட்டுக்கு மட்டும் வெள்ளையடித்தால் போதாதென்று, தெருச் சங்கச் செயலாளர் என்கிற மிதப்பில் மூட்டை மூட்டையாய்ச் சுண்ணாம்பு வாங்கி வந்து, கறை துளியும் தெரியக்கூடாது என்று தெரு முழுக்க மூன்று தரம் அடிக்க வைத்தாரே. வந்தவர்கள் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, இந்தத் தெருவுக்கு வெள்ளமே வரவில்லை போலிருக்கிறதே என்றார்கள். பக்கத்து வீட்டு வேம்புலி, "இன்னா நைனா, வர இருந்த காவாய நீயே பூசி மூடிட்டியே" என்று எல்லார் முன்னாலும் கேட்டதுதான் மிச்சம்.

அதோடு பேசாமல் வந்திருக்கலாம் இல்லையா. அந்தச் சமயத்தில் எழுதின கடிதமோ எடுத்த போட்டோவோ இருந்தால் மாதக் கடைசிக்குள் கொடுங்கள் என்று அவர்கள் சொன்னதுதான் தாமதம், "என் பொண்ணுக்கு அப்பவே லெட்டர் போட்டுகீறோம் சார், போஸ்டாபீஸ் முத்திரையோட கீது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டார். தெருவே கை தட்டாத குறை. அந்த லெட்டரில் நான் என்ன எழுதினேன் என்று அவர் படித்துப் பார்த்தால்தானே, நீட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி.

அந்த லெட்டரை எடுத்துப் பார். தண்ணீர் தெருவோடு போய்விட்டது, வாசற்படிகூட நனையவில்லை, கவலைப்படாதே என்றுதான் எழுதியிருக்கிறேன். அத்தனையும் பொய். அப்போது உனக்கு எட்டாம் மாதம், முதல் பிரசவத்திலேயே ரத்தக் கொதிப்பு வந்து பாடாய்ப் பட்டவள், வேறு என்ன எழுதச் சொல்கிறாய்? அது அவர்கள் கைக்குப் போனால் நம் தெருவுக்கு முட்டைதான், அதுவும் நம் வீட்டுக் கையெழுத்தோடு.

நிஜத்தை இப்போது சொல்கிறேன். தண்ணீர் என் மார்பு வரை வந்தது. வேம்புலியின் அம்மா பொன்னியம்மா வாதத்தில் படுத்திருப்பவர், நம் வீட்டுக் கதவைக் கழற்றி அதில் அவரைக் கிடத்தி, வேம்புலியும் உன் அப்பாவும் ரயில்வே மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பாதி வழியில் உன் அப்பா பள்ளத்தில் காலை வைத்துத் தலை முங்கிப் போனார். எழுந்து வருகிற வரை எனக்கு உயிர் இல்லை. அடுத்த மழைக்கும் அதைப் பார்க்க என்னால் ஆகாது, கால்வாய் வந்தே தீர வேண்டும். நாளைக்கு நானே அந்த ஆபீசுக்குப் போகிறேன். பீரோவுக்கு உள்ளே நாலடி உயரத்தில் துருக் கோடு இருக்கிறது, அதற்கு யாரும் சுண்ணாம்பு அடிக்கவில்லை, வந்து அளந்துகொள்ளுங்கள் என்று சொல்லப் போகிறேன். உன் அப்பாவிடம் லெட்டர் விஷயத்தை இன்னும் சொல்லவில்லை, சொன்னால் குதிப்பார், குதிக்கட்டும்.

குட்டியைக் குளிப்பாட்டினால் காதோரம் நன்றாகத் துடை, குளிர் ஊர். மாத்திரையை வேளை தவறாமல் போடு. பிரசவத்துக்கு அப்புறம் உடம்பு நன்றாகத் தேறிவிட்டது, ஒரு குறையும் இல்லை என்று போன மாதம் எழுதியிருந்தாய். நீ என் மகளாயிற்றே, அதனால்தான் பயமாக இருக்கிறது. உள்ளதை உள்ளபடி எழுது.

நீங்கள் நால்வரும் நீடூழி வாழ எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அம்மா சொர்ணம்