முப்பதுக்கும் முப்பத்தாறுக்கும் நடுவே

மார்ச் 3, திங்கள்

மரம் வந்துவிட்டது! இடித்த பள்ளிக்கூடம் ஒன்றின் உத்தரம், ஒரே கட்டை. தச்சு மேசைக்கு நான்கு கால் வெட்டலாம். ஒன்றைத் தப்பாக வெட்டினால் மூன்று கால் மேசைதான். நானும் நாத்தனாரும் மாறி மாறித் தடவிப் பார்த்தோம். இறக்கிய வண்டிக்காரர், "கன்னுக்குட்டியா வாங்கியிருக்கீங்க?" என்றார்.

கார் ஷெட் நாத்தனாருடையது. இழைப்புளி, உளி, ரம்பம் எல்லாம் என்னுடையவை. ஆறு மாதம் ஞாயிறுதோறும் ஒரே தச்சு வகுப்புக்குப் போனோம். இப்போது ஒரே பட்டறை. இன்னும் நம்ப முடியவில்லை. என் வீட்டுக்காரர் நம்ப முயற்சிகூடச் செய்யவில்லை. தன் அக்காவும் தன் மனைவியும் ஒரே கூரைக்குக் கீழே, கையில் உளியோடு. எழுந்துபோய் முதலுதவிப் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

மார்ச் 4, செவ்வாய்

மேசை எவ்வளவு உயரம்? நாத்தனார் முப்பத்தாறு அங்குலம் என்கிறார். நான் முப்பது. அவர் ஐந்தடி எட்டு. நான் ஐந்தடி ஒன்று, மருத்துவர் தாராளமாக அளந்தால்.

"நாள் முழுக்கக் குனிய நான் என்ன களை எடுக்கவா போறேன்?"

"நாள் முழுக்க எம்ப நான் என்ன மாங்கா பறிக்கவா போறேன்க்கா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னோம். ஆனால் எனக்கு உள்ளே சிரிப்பு இல்லை. கல்யாணமாகி நான் போன வீட்டில் சமையல் மேடை நாத்தனார் உயரத்துக்குக் கட்டியது. பன்னிரண்டு வருடம் ஒரு பலகைமேல் ஏறி நின்று சமைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தோள்பட்டைதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறது.

மேசை யாருக்குப் பொருந்துகிறதோ பட்டறை அவருக்கு. மற்றவர் மரச்சுருள் கூட்டலாம். இந்த முறை பலகை போட்டு ஏறமாட்டேன். அவ்வளவுதான்.

மார்ச் 7, வெள்ளி

நான் வேலை பார்க்கும் நூலகத்தில் தச்சு பற்றி ஆறு புத்தகங்கள். மத்தியானம் சாப்பிடாமல் ஆறையும் புரட்டினேன். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரம் என்கிறது ஒன்று. உள்ளங்கை தட்டையாகப் படியும் உயரம் என்கிறது இன்னொன்று. மூன்றாவதுக்கு இடுப்பெலும்பு. நான்காவது, "அனுபவத்தால் அறிக" என்று முடித்துக்கொண்டது. அந்த ஆசிரியருக்குச் சாப்பாட்டு நேரம் ஆகியிருக்கும். மற்ற இரண்டும் இந்த மூன்றையும் பார்த்து எழுதியவை. எழுதியவரின் உயரம் மட்டும் ஒரு புத்தகத்திலும் இல்லை. தன் இடுப்பை உலகத்தின் இடுப்பு என்று நம்பாமல் புத்தகம் எழுத வராது போல.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டுக்காரர் மத்தியஸ்தம் செய்தார். முப்பதையும் முப்பத்தாறையும் கூட்டி இரண்டால் வகுத்து, முப்பத்துமூன்று. "ரெண்டு பேருக்கும் பொருந்தாது, அதனால நியாயமானது." இருபத்திரண்டு வருடமாக எங்களுக்குள் இவர் செய்துவைத்த சமாதானம் எல்லாம் இந்த உயரம்தான்.

மார்ச் 12, புதன்

வெட்டுவதற்கு முன் சோதனை. செங்கல் அடுக்கி, மேலே பழைய கதவு. முப்பத்தாறில் என் முழங்கை காதைத் தொட வந்தது. இழைப்புளியை உடம்பால் அழுத்தித் தள்ள வேண்டும்; நான் நீச்சல் தெரியாதவள் மாதிரி கையை மட்டும் வீசினேன். நாலு செங்கலை உருவி முப்பதுக்கு இறக்கினோம். நாத்தனார் பத்து நிமிடம் இழைத்தார். நிமிரும்போது முதுகைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கதவின் ஓரத்திலேயே உட்கார்ந்தார்.

ஜெயித்துவிட்டேன். சந்தோஷம் வரவில்லையே, ஏன்?

மார்ச் 15, சனி

இது நடந்ததா? நடந்தது! அதனால் எழுதிவைக்கிறேன்.

வேலைக்குப் போட ஆளுக்கு ஒரு முரட்டுத் துணி ஏப்ரன் தைக்கப் போனோம். தையல்காரர் இருவரையும் கண்ணாடி முன்னால் நிற்கவைத்தார். "கையத் தொங்கவிடுங்கம்மா. கை எங்க விழுதோ அங்கதான் பாக்கெட்." நாத்தனார் மணிக்கட்டருகே சாக்பீஸ் கோடு, என் மணிக்கட்டருகே சாக்பீஸ் கோடு. பின்னால் போய்ப் பார்த்தவர், "என்னம்மா, ரெண்டும் ஒரே மட்டமா போகுது?" என்றார்.

திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தோம். தலைகளுக்கு நடுவே ஏழு அங்குலம். கோடுகளுக்கு நடுவே ஒன்றுமில்லை. அவருக்குக் கை நீளம், எனக்குக் கை குட்டை. "பெரியம்மாவுக்கு எப்பவும் கை கூட்டி வெட்டுவேன், உங்களுக்குக் குறைச்சு வெட்டுவேன்" என்றார் தையல்காரர். ஆறு புத்தகம் சொல்லாததை இந்த மனிதர் பதினைந்து வருடமாக நோட்டில் எழுதிவைத்திருக்கிறார்!

"அளங்க, தரையிலிருந்து அளங்க!" என்று இருவரும் கத்தினோம். முப்பத்தொன்று.

மார்ச் 16, ஞாயிறு

கதவை முப்பத்தொன்றில் வைத்தோம். சுருள் சுருளாக, காகிதம் மாதிரி, அறுபடாமல் வருகிறது! அவரும் இழைத்தார், நானும் இழைத்தேன். மத்தியானம்வரை இழைத்தும் யாருக்கும் முதுகு நினைவுக்கு வரவில்லை. கதவுதான் பாவம், இளைத்துவிட்டது.

மார்ச் 18, செவ்வாய்

தையல்கடையில் என் காலில் செருப்பு இருந்தது. தடித்த அடி, முக்கால் அங்குலம். நாத்தனார் வாசலிலேயே கழற்றிவிட்டார். ஷெட்டிலும் அவர் வெறுங்கால், நான் செருப்பு. வெறுங்காலோடு எனக்கு முப்பதே கால் அங்குலம்தான் — சொல்வதா? சொன்னால் மறுபடி முதலிலிருந்தா?

மார்ச் 22, சனி

சொல்லிவிட்டேன்.

"தெரியும். கடையிலயே பாத்தேன்" என்றார், பென்சிலைச் சீவிக்கொண்டே.

"பின்ன ஏன்க்கா சொல்லல?"

"நீயா சொல்றியான்னு பாத்தேன். முப்பதே கால்ல வெட்டு."

"வேண்டாம். முப்பத்தொண்ணு. நான் செருப்புப் போட்டுக்கறேன்."

"எதுக்கு? சமையல் மேடைக்குப் பலகை போட்டியே, அது மாதிரியா?"

"தெரியுமா?"

"மேடைக்கடியில கெடந்துச்சு. வீட்டக் காலி பண்றப்பத்தான் பாத்தேன். ஏண்டி, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீங்க கேட்டிருக்கக்கூடாதா?"

"கேட்டிருக்கணும்" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அளவுநாடாவை இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் சண்டை. அவர் முப்பதே கால் என்கிறார், நான் முப்பத்தொன்று என்கிறேன். அதே சத்தம், அதே கைவீச்சு, கட்சி மட்டும் மாறிவிட்டது. "உங்க முதுகு என்னாகும்?" "உன் தோள் என்னாகும்?" "வெட்டினா ஒட்டாதுக்கா, குறைச்சா கூட்ட முடியாது!" "முக்கா இஞ்சு குனிஞ்சா நான் ஒடிஞ்சு போயிடமாட்டேன். புடி கட்டைய!"

பிடித்தேன். கடைசிவரை வேண்டாம் என்று கத்திக்கொண்டே, அசையாமல் பிடித்தேன். நான்கு கால். மேல்பலகையோடு சேர்த்து முப்பதே கால்.

ஏப்ரல் 5, சனி

மேசை நிற்கிறது. நான்கு மூலையிலும் உட்கார்ந்து பார்த்தோம், ஆடவில்லை. மேல்பலகையை இழைத்து, எண்ணெய் தேய்த்து முடித்தபோது மணி நாலு. வீட்டுக்காரர் மூன்று கோப்பை டீயோடு வந்தார். "அடேயப்பா" என்று சுற்றிப் பார்த்தவர், தட்டைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தார்.

"டேய், எடுடா அத!"

"ஐயோ, எடுங்க!"

ஒரே நேரத்தில் வந்தது. அவர் தட்டோடு நின்று அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எந்தப் பக்கம் பேசுவதென்று தெரியாமல் டீயைத் தரையில் வைத்தார்.