நடந்தது நான், நடை உன்னுடையதாம்

என் அருமை அண்ணனுக்கு,

சுனாமி வந்து ஊரே கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டிருந்ததே, அடுத்து வந்த தை மாதத்தில் நீ போனாய். தானே புயல் சாய்த்த மரங்களை நீ பார்க்கவில்லை. கடற்கரையில் பழைய பாலம் உடைந்து விழுந்ததைப் பார்க்கவில்லை. ஃபெஞ்சல் மழையில் நம் முதலியார்பேட்டை வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதையும் பார்க்கவில்லை. அந்த மழைக்கு அடுத்த வருஷம் நீ திரும்பி வந்தாய். நடந்தே வந்தாய். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எனக்குத்தான் எழுத்துத் தெரியாதே. நான் சொல்லச் சொல்ல மருமகள் செல்வி எழுதுகிறாள். "மாமா, செத்தவருக்கு லெட்டர் போட்டா எந்த போஸ்ட்மேன் எடுத்துட்டுப் போவான்?" என்று கேட்டுக்கொண்டே எழுதுகிறாள்.

மூன்று வயசில் நீ விட்டுப்போன உன் பேத்தி நித்யா, இப்போது மெட்ராசில் பொம்மைப் படம் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சொந்தமாகவும் பத்து நிமிஷப் படம் ஒன்று செய்கிறாள். பெரிய மார்க்கெட்டில் மீன் கூடை சுமக்கிற ஒருவரின் கதை. யார் கதை? உன் கதை. அதே மார்க்கெட்டில் அதே பாரத்தை நானும்தான் சுமந்தேன். என் கதை யாருக்கும் தோன்றவில்லை.

எப்போதும் அப்படித்தானே? வெள்ளைக்காரர்கள் மார்க்கெட்டுக்குள் வந்தால் கூடையோடு நின்று அவர்கள் பாஷையில் 'போன்ழூர்' என்று வணக்கம் வைப்பாய். அவர்கள் சிரித்துக்கொண்டு உன்னைப் படம் எடுப்பார்கள். "நவுருண்ணே, கழுத்து போவுது" என்று பின்னால் நான் நிற்பேன். அந்தப் படங்களில் ஒன்றிலாவது என் காது நுனி விழுந்திருக்குமா?

நித்யாவிடம் இருப்பது உன் போட்டோ ஒன்றுதான். போட்டோ நடக்குமா? லீவுக்கு ஊருக்கு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் மூலக்குளம் வீட்டிலிருந்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "சின்ன தாத்தா, வரஞ்சது சரியா பாருங்க." பார்த்தேன். உன் மூக்கு, உன் மீசை, எல்லாம் சரி. நடைதான் கல்யாண வீட்டுக்குப் போகிறவர் நடை. "இது உங்க தாத்தா இல்லம்மா. அவுரு சட்டையப் போட்டுகின பலூன்" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "மத்தவங்க எப்படிப் பண்றாங்கன்னு பாத்துட்டுச் சொல்லுங்க" என்று, புதிதாக வந்த பொம்மைப் படங்களாகப் போட்டுக் காட்டினாள். அப்புறம் ஞாயிறு தவறாமல் இதே வேலை.

அண்ணே, தண்ணீரை என்னமாய்ச் செய்கிறார்கள்! அலை உடைந்து நுரை திரும்பும்போது என் காலை இழுத்துக்கொண்டேன். ஒரு படத்தில் மிருகங்கள்தான், பேச்சே கிடையாது. எழுத்துத் தெரியாத எனக்கு ஒன்றுவிடாமல் விளங்கியது. செல்விதான் நடுவில் தூங்கிவிட்டாள். அதை எழுத மாட்டேன் என்கிறாள், எழுது என்றேன். டிவியில் தினம் வருகிறவை மட்டம். எல்லாரும் கத்துகிறார்கள். வாய் ஒரு பக்கம் போகிறது, தமிழ் ஒரு பக்கம் வருகிறது. நமக்கு அழுகை வருவதற்குள் பின்னால் பாட்டு முந்திக்கொண்டு அழுகிறது.

நல்லதோ மட்டமோ, எல்லாவற்றிலும் ஒரு குறை கண்டேன். பாரம் இல்லை. தலைமுடி ஒவ்வொன்றாகக் காற்றில் ஆடுகிறது, மூட்டை தூக்குகிறவன் கழுத்து நரம்பு புடைக்கவில்லை. மலையிலிருந்து விழுந்தவன் தூசியைத் தட்டிவிட்டுப் போகிறான். மீனுக்குப் போடுகிற ஐஸ் பார் உன் காலில் விழுந்தபோது நீ அப்படியா எழுந்தாய்?

இதைச் சொன்னதும் நித்யா நிமிர்ந்தாள். "கால்ல போட்டது யாரு?"

"நாந்தான். கை வழுக்கிடுச்சி."

அன்றிலிருந்து உன் இடது குதிகால் தரையில் பட்டதில்லை. அந்த நொண்டலே என் கைவேலை. மார்க்கெட்டோ அதை அழகு என்றது. "நாகமுத்து வர்றாம் பாரு, தேராட்டம்!" இரண்டு காலும் நேராக இருந்த என்னை யார் பார்த்தார்கள்?

"நீங்களே நடந்து காட்டுங்க. அதப் படம் புடிச்சி, பாத்து வரையறேன்" என்றாள். மொட்டை மாடியில் நடந்தேன். வரவில்லை. வெறுந்தலைக்கு அந்த நடை வருமா? சும்மாடு கட்டிக்கொண்டு, கூடையில் ஈர மணலைப் போட்டுத் தூக்கிவிடச் சொன்னேன். "எம்பது வயசுல இது தேவையா மாமா? உழுந்தா நாந்தான பாக்கணும்!" என்று கத்தினாள் செல்வி. கத்திக்கொண்டே ஒரு பக்கம் பிடித்தாள்.

கூடை உட்கார்ந்ததும் குதிகால் தானாக எழுந்தது. வலது தோள் முன்னே போனது. மணல் தண்ணீர் நெற்றியில் வழிந்து மூக்கு நுனியில் நின்றது. இரண்டு கையும் கூடையில், எதால் துடைக்க? கீழுதட்டைப் பிதுக்கி 'ஃபூ' என்று மேலே ஊதினேன். நீ ஊதுவாயே, அப்படி.

"தாத்தா!" என்று அலறினாள் நித்யா.

சின்ன தாத்தா இல்லை. தாத்தா. என்னைப் பார்த்துக்கொண்டு உன்னைக் கூப்பிடுகிறாள். மணலைச் சுமந்து நிற்கிறவன் நான். எனக்கு எப்படி இருந்திருக்கும், நீயே சொல்.

போன வாரம் படத்தை முடித்துக் கொண்டுவந்தாள். பாரம் இருந்தது அண்ணே. கூடைக்குள் எவ்வளவு மீன் கிடக்கிறது என்று கழுத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அன்று முழுக்க 'ஃபூ, ஃபூ' என்று ஊதிக்கொண்டு திரிந்தன. கடைசியில் பெயர்கள் ஓடின. நிறுத்திப் படி என்றேன் செல்வியிடம்.

"நடை: நாகமுத்து."

"அப்புறம்?"

"அவ்ளோதான் மாமா."

விடுவேனா? "நடந்தது நானு. கழுத்து வலி எனக்கு. பேரு மட்டும் அவுருக்கா?" என்று நித்யாவிடம் பாய்ந்தேன்.

"அது தாத்தா நடைன்னு நீங்கதான சொன்னீங்க?"

"நாஞ் சொன்னா ஆயிடுச்சா? யாரு சாட்சி?"

"நீங்களே சொல்லுங்க, யாரு இருக்காங்க? போய்க் கேக்கறேன். இது உங்க நடைன்னு அவங்க சொன்னா, பேர மாத்திடறேன்."

எண்ணிப் பார்த்தேன். அண்ணி உனக்கு முன்பே போய்விட்டாள். நம்மோடு கூடை சுமந்தவர்களில் தனகோடி, தானே புயல் வருஷம். சவரிமுத்துவும் உன் மகனும் ஒரே கொரோனாவில். கூடைக்காரர்களில் கடைசி ஆள் மண்ணாங்கட்டி, பாலம் விழுந்த வருஷம். விரல் மடக்கி முடிந்தபோது, அது என் நடைதான் என்று நான் சொன்னால் மறுக்க ஓர் ஆள் இல்லை. சுலபமாக ஜெயித்துவிடலாம். ஜெயித்து, யாரிடம் போய்ச் சொல்ல?

பேரு அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்ளாதே. வயிறு இன்னும் எரிகிறது.

அடுத்த மாதம் படத்தை ஊரார் பார்க்கப் போடப்போகிறாளாம். முன்வரிசையில் உட்காருவேன். 'நாகமுத்து என்னமா நடக்கறாரு பாரு' என்று யாராவது சொன்னால், முதல் தடவை வாயைத் திறக்க மாட்டேன். இது சத்தியம். இரண்டாம் தடவை சொன்னால் எழுந்து நின்று சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் நடையைப் பார்த்தவர்களில் மிச்சமிருக்கிற ஒரே ஆள்,
உன் தம்பி எத்திராசு