நம்பர் இல்லாத கோப்ரல்

மேஜர்,

உங்கள் கையெழுத்தில் ‘கோப்ரல் சவரிமுத்து, ஈஜோக்’ என்று எழுதிய ஃபைல் என் மேசையில் கிடக்கிறது. உள்ளே ஒரு தாள்கூட இல்லை. நான்கு நாளாக அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். கோபம் உங்கள் மேலா, என் மேலா என்று பிடிபடவில்லை. இறந்துபோனவரிடம் கோபித்துக்கொள்ள முடியுமா என்றும் தெரியவில்லை.

பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று, கோலசிலாங்கூரில் முன்னாள் படைவீரர்களுக்கான எங்கள் அலுவலகத்துக்குத் தலைவராக நீங்கள் வந்த முதல் நாள், எல்லோரையும் போல நானும் மலாயில் மரியாதையாக “துவான்” என்றேன். “தோட்டத்துல வெள்ளைக்காரனை அப்படிக் கூப்பிட்டது போதும்மா. மேஜர்னு கூப்பிடு, இல்லாட்டி பேரைச் சொல்லு” என்றீர்கள். பேரைச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா? அன்றிலிருந்து மேஜர்தான். கவுண்டருக்கு வருகிற யாரையும் அவரவர் கடைசிப் பதவியைச் சொல்லித்தான் அழைக்க வேண்டும் என்பது உங்கள் உத்தரவு. செம்பனைத் தோட்டத்தில் காவல் வேலை பார்த்தவரை நான் “சார்ஜன்” என்றதும் அவர் முதுகு நிமிர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் நம்பர் விஷயத்தில் நீங்கள் கறார். “பெண்டாட்டி பேரு மறந்தாலும் பட்டாளத்து நம்பர் மறக்காது” என்பீர்கள். ஒருமுறை நம்பரைத் தடுமாறிச் சொன்ன ஒருவர், வேறு யாருடைய பட்டாளத்துப் பத்திரத்தையோ கொண்டுவந்திருக்கிறார் என்று கண்டுபிடித்து வாசல்வரை விரட்டினீர்கள். அந்த வாரம் முழுக்க நாங்கள் யாரும் உங்கள் அறைப் பக்கமே போகவில்லை.

அப்படிப்பட்ட நீங்கள், சவரிமுத்து வந்த அன்று என்ன செய்தீர்கள்? நம்பர் கேட்டீர்கள். அவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீங்கள் பேனாவை மூடினீர்கள்.

“என்ன ரேங்க்?”

“கோப்ரலுங்க.”

“சரி, உட்காருங்க கோப்ரல்.”

போகும்போது அவர் சல்யூட் அடித்தார். நீங்களும் விறைப்பாகத் திருப்பி அடித்தீர்கள்.

அதன்பிறகு செவ்வாய்க்கிழமை தவறாமல், தேய்த்த வெள்ளைச் சட்டையோடு பஸ் ஏறி வருவார். உங்களோடு ஒரு மைலோ குடிப்பார். எந்த உதவியும் கேட்டதில்லை, எந்த விண்ணப்பப் பாரத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை. “யார் மேஜர் இவர்?” என்று இரண்டு முறை கேட்டேன். “கோப்ரல்தான்லா” என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கத் தொடங்கினீர்கள். மூன்றாம் முறை கேட்பதற்குள் நீங்களே கண்ணை மூடிவிட்டீர்கள். பிறகு அவரும் வரவில்லை.

போன வியாழக்கிழமை காலை அவருடைய மகள் ஸ்டெல்லா வந்தாள். அப்பா முந்தின நாள் இறந்துவிட்டார், சாயங்காலம் நான்கு மணிக்கு அடக்கம் என்றாள். “அக்கா, பெட்டி மேல போர்த்துற கொடி வேணும். அப்பா ஆசைப்பட்டாரு.”

கணினியில் தேடினேன், பெயர் இல்லை. பழைய பதிவேடுகளிலும் இல்லை. கடைசியில் இந்த ஃபைல் கிடைத்தது. உங்கள் கையெழுத்தைக் கண்டதும் அப்பாடா என்றிருந்தது. திறந்து பார்த்தால் ஒன்றுமில்லை.

“பதிவு இல்லம்மா. கொடி தர முடியாது” என்றேன், திரையைப் பார்த்தபடியே.

“அப்பா பட்டாளத்துல இருந்தாரா, இல்லையாக்கா?”

“பதிவு இல்லை.”

அவளுக்குப் பின்னால் நீண்ட வரிசை. அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டேன்.

மனசு கேட்கவில்லை. அரைநாள் லீவு போட்டு அவர் ஊரான ஈஜோக் போனேன். வீட்டு வாசலில் நம் ஆட்கள் ஆறு பேர் தொப்பியும் பதக்கமுமாக நின்றார்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை. பெட்டியைத் தூக்கியதும் ஆறு பேரும் ஒன்றாகச் சல்யூட் அடித்தார்கள். அதுவரை அடக்கிக்கொண்டிருந்த ஸ்டெல்லா அப்போதுதான் உடைந்து அழுதாள்.

பக்கத்தில் நின்ற சார்ஜனிடம் மெல்லக் கேட்டேன். “இவர் பட்டாளத்துல இல்லைன்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்லா. ரெண்டு நிமிஷம் பேசினா எங்களுக்குத் தெரியாதா?”

“பிறகு ஏன்?”

“மேஜர் அவருக்கு சல்யூட் அடிச்சாரு. காரணம் இல்லாம அவரு கை தூக்க மாட்டாரு.”

“என்ன காரணம்?”

“அதைத்தான் உன்கிட்ட கேக்கலாம்னு இருந்தேன்மா.”

ஆக, யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் ஏமாந்தீர்களா, இரக்கப்பட்டீர்களா? காட்டில் படைக்குச் சுமை தூக்கியவரா அவர், வழி காட்டியவரா, எந்தப் புத்தகத்திலும் பெயர் ஏறாமல் போனவரா? அல்லது வயதான ஒருவரின் ஆசைக்கு வளைந்துகொடுத்தீர்களா? அப்படியென்றால் அன்று வாசல்வரை விரட்டப்பட்டவர் மட்டும் என்ன பாவம் செய்தார்? ஒரு நாள் ஒரு பதில் தோன்றுகிறது, மறுநாள் அதுவே தப்பாகத் தெரிகிறது. ஒரே ஒரு வார்த்தை என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் நீங்கள்.

கொடி கொடுக்காதது தப்பு என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. ஸ்டெல்லா மறுபடி வந்து கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் எழுந்து நின்று, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்.

அவள் வரமாட்டாள், மேஜர்.