ஆதிமூலம் அந்த மூன்று நாள் எங்கே இருந்தான்

ஸ்ரீவைகுண்டம்
9.6.2025

பிரேமலதாவுக்கு,

இசக்கிமுருகன் எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் உன் அண்ணன் சுந்தர் மச்சான் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

குடும்ப நீதிமன்றத்தில் நம்மை உட்காரவைத்துப் பேசிய ஆலோசகர் அம்மா சொன்னதற்காக இதை எழுதுகிறேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வந்துவிடுகிறது என்று நீதான் அவர்களிடம் சொன்னாய். அது உண்மைதான். அதனால் ஆகஸ்ட் பதினான்காம் தேதி வாய்தா வரைக்கும் மாற்றி மாற்றிக் கடுதாசி எழுதுவது, அதில் வழக்கைப் பற்றி ஒரு சொல்கூட இருக்கக் கூடாது என்று ஒத்துக்கொண்டோம். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, ஒரு வருஷமாக நமக்குள் வழக்கைத் தவிர வேறு பேச்சே இல்லை.

அணைக்கட்டில் மதகுகளுக்கெல்லாம் கிரீஸ் போட்டு முடித்தோம். கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்க இன்னும் உத்தரவு வரவில்லை. வீட்டுக்குப் புது ஓடு போட்டாயிற்று. வேறு சேதி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் 'நனையாத சட்டை' என்று ஒரு தொடர் வருகிறதே, பார்க்கிறாயா? இங்கே ஊரே பார்க்கிறது. ஒரு சின்ன ரயில் நிலையம். ஊரில் வெள்ளம் வருகிறது. அங்கே வேலை பார்க்கும் ஆதிமூலத்தை மூன்று நாள் காணவில்லை. நாலாம் நாள் விடியும்போது தண்டவாளத்தின் மேல் நடந்து வருகிறான். சட்டையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. எங்கே இருந்தீர்கள் என்று பெண்டாட்டி கோமளா கேட்டால் வாயைத் திறப்பதில்லை. டீக்கடையில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். என்னோடு மதகு திறக்கும் கிருபைராஜிடம் மட்டும் நாலு காரணம் இருக்கிறது.

நீ பார்ப்பதாக இருந்தால் அதைப் பற்றி எழுதலாம். அதில் சண்டை வராது என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
இசக்கிமுருகன்

*

தச்சநல்லூர்
17.6.2025

இசக்கிமுருகன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லாரும் சுகம்.

பார்க்கிறேன். பார்க்காமல் இங்கே பிழைக்க முடியாது. நான் வேலைக்குப் போகும் ஜெராக்ஸ் கடையின் முதலாளி ஃபர்ஹத் அக்கா, திங்கட்கிழமை கடையைத் திறக்கும்போதே ஆதிமூலத்தைப் பற்றிப் பேச்செடுத்துவிடுவார். ஆதார் நகல் எடுக்க வருகிறவர்களையும் விடுவதில்லை. யார் என்ன சொன்னார்கள் என்று எழுதிவைக்கத் தனியாக ஒரு நோட்டு. பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர், ஆதிமூலம் முதல் நாளே செத்துவிட்டான், வந்திருப்பது ஆவி, ஆவிக்குச் சட்டை நனையாது என்றார். காலேஜ் பிள்ளைகள் அவனுக்கு வேறொரு குடும்பம் இருக்கிறது என்கிறார்கள். இரண்டையும் அக்கா எழுதிக்கொண்டார்.

அக்காவின் எண்ணம் வேறு. ஆற்றுக்கடியில் ஒரு ஊர் இருக்கிறதாம், அங்கே பொழுது பைய நகருமாம். "நமக்குத்தான் மூணு நாளு. அவன் அங்கன உக்காந்து ஒரு சாயா குடிச்சிட்டு எந்திரிச்சு வந்திருக்கான், அம்புட்டுதான்" என்றார். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில், மெஷினின் பச்சை வெளிச்சம் கண்ணாடிக்குக் கீழே இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும்போது, அந்த ஊர்த் தெருவில் யாரோ விளக்கை எடுத்துக்கொண்டு நடக்கிற மாதிரி இருந்தது. இரண்டு வெற்றுத் தாளை வீணாக ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் என்ன நினைக்கிறேன் என்று நோட்டில் எழுதவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். அவன் தூரமாக எங்கேயும் போகவில்லை.

பிரேமலதா

*

ஸ்ரீவைகுண்டம்
24.6.2025

அன்புள்ள பிரேமலதாவுக்கு,

உன் கடிதத்தைக் கிருபைராஜிடம் காட்டவில்லை, ஆற்றுக்கடி ஊரை மட்டும் சொன்னேன். ஊர் ஆற்றுக்கடியில் இல்லை, அக்கரையில் இருக்கிறது என்கிறான். ஆதிமூலம் எப்படியோ நீந்தி அக்கரை ஏறுகிறான். அங்கே இதே மாதிரி ஒரு ரயில் நிலையம், இதே வீடு, இதே கோமளா. மழை மட்டும் பெய்யவில்லை. அவன் போட்டிருப்பது அந்த வீட்டுக் கொடியில் காய்ந்த சட்டை. "அப்படி ஒரு எடத்த விட்டுட்டு வர எவனுக்குலே மனசு வரும்? ஆனாலும் வந்துட்டான் பாரு" என்று சொல்லிவிட்டு, தானே கண் கலங்கிவிட்டான். அவன் சுபாவம் உனக்குத் தெரியும்.

அதிலிருந்து காலையில் அணைக்கட்டுக்குப் போனால் அக்கரையைத்தான் பார்க்கிறேன். பனி மாதிரி ஒரு வெள்ளை தண்ணீரின் மேல் நிற்கிறது. வாழைத்தோட்டம் பாதி தெரிகிறது, பாதி தெரியவில்லை. அங்கேயும் ஒருவன் நின்றுகொண்டு இந்தக் கரையைப் பார்ப்பான் என்று தோன்றுகிறது. வெயில் ஏறினால் ஒன்றும் இல்லை, வெறும் தோட்டம்.

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், ஆதிமூலத்துக்கு வெள்ளத்தில் தலையில் அடிபட்டிருக்கும். மூன்று நாளும் மறந்துபோயிருக்கும். தெரியாததை அவன் எப்படிச் சொல்வான்? கோமளா அவனைப் போட்டு இப்படிக் கேட்டுக்கொண்டே இருக்கத் தேவையில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

இசக்கிமுருகன்

*

தச்சநல்லூர்
1.7.2025

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் சொல்வது சரியில்லை. மறந்தவன் முகம் அப்படி இருக்காது. கோமளா சாப்பாடு போடும்போது அவன் தட்டைப் பார்க்கிறானே, அது ஞாபகம் இருக்கிறவன் பார்வை. போன வாரம் கோமளா கேட்பதையே நிறுத்திவிட்டாள், கவனித்தீர்களா? வீட்டைத் துடைத்தாள், துணி மடித்தாள், அவன் சட்டையை எடுத்து மோந்து பார்த்து மறுபடியும் மடித்துவைத்தாள். கடையில் எல்லாரும் அவளை அழுத்தக்காரி என்றார்கள். எனக்குக் கோபம் வந்து, நகலெடுக்க வந்த ஒரு அம்மாவிடம் கத்திவிட்டேன். பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம் அவன். அவள் அதை வாங்கிக்கொண்டிருப்பாள். ஒன்றுமே சொல்லாத ஆளோடு ஒரே வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும்?

நான் வழக்கைப் பற்றி எழுதவில்லை. தொடரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நேற்று அந்த ரயில் நிலையம் என் கனவில் வந்தது. டிக்கெட் கொடுக்கும் இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கணுக்கால் வரைக்கும் தண்ணீர், வெதுவெதுப்பாக இருக்கிறது. சத்தமே இல்லாமல் ஒரு ரயில் வந்து நிற்கிறது. ஜன்னல் ஜன்னலாக ஆட்கள். எல்லாரும் நமக்குத் தெரிந்தவர்கள் மாதிரி இருக்கிறார்கள், ஆனால் பெயர் ஞாபகம் வரவில்லை. யாரும் இறங்கவில்லை. எனக்குப் பயமாக இல்லை. ரயில் புறப்பட்டுப் போனதும் தண்ணீர் கொஞ்சநேரம் ஆடிக்கொண்டிருந்தது. எழுந்தபோது பாதம் சில்லென்று இருந்தது, மின்விசிறிக் காற்றுதான்.

பிரேமலதா

*

ஸ்ரீவைகுண்டம்
9.7.2025

அன்புள்ள பிரேமலதாவுக்கு,

தண்ணீர் திறந்துவிட்டோம். வடகால், தென்கால் இரண்டிலும் போகிறது. வேலை அதிகம். அதனால் இந்த வாரம் தொடரைச் சரியாகப் பார்க்கவில்லை.

உன் கடிதத்தை மூன்று நாலு தரம் படித்தேன்.

இசக்கிமுருகன்

*

தச்சநல்லூர்
22.7.2025

அத்தானுக்கு,

முடித்துவிட்டார்கள். பார்த்தீர்களா இல்லையா? இரட்டைப் பிறவியாம். ஆதிமூலத்துக்கு ஒரு அண்ணன் இருந்தானாம், அச்சு அசலாக ஒரே முகமாம், வெள்ளத்தில் போனது இவனாம், திரும்பி வந்தது அவனாம். வடக்கே எங்கோ இருந்து ரயிலில் வந்ததால் சட்டை நனையவில்லையாம். இதற்கு ஏழு மாதம் நம்மை உட்காரவைத்திருக்கிறார்கள்.

ஃபர்ஹத் அக்கா திங்கட்கிழமை கடையைத் திறந்தார். பத்து மணிக்கு அந்த நோட்டை எடுத்து முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். ஆவி, இன்னொரு குடும்பம், ஆற்றுக்கடி ஊர், சாமி வந்து தூக்கிக்கொண்டு போனது, மனநோய், நூற்றுப் பதினெட்டு காரணங்கள். "இதுல எது வேணாலும் வச்சிருக்கலாமே பிரேமா, ஒண்ணுகூடவா அவனுவளுக்குக் கெடைக்கல" என்றார். நான் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், கடைசியில் அழுதுவிட்டேன். அக்கா எனக்கு டீ வாங்கி வந்தார்.

கோமளாவை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. அவள் கேட்ட ஆள் பதில் சொல்ல இல்லவே இல்லை. இத்தனை நாளும் வேறு யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

என் அத்தான் நீங்கள்தானே, அங்கே இருப்பது?

இனி எழுத நமக்குத் தொடரும் இல்லை. வாய்தாவுக்கு இருபத்து மூன்று நாள் இருக்கிறது.

பிரேமலதா

*

ஸ்ரீவைகுண்டம்
29.7.2025

அன்புள்ள பிரேமாவுக்கு,

நான்தான் இருக்கிறேன்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் நம் ஊரில் மார்கழி வெள்ளம் வந்தபோது நான் மூன்று நாளும் அணைக்கட்டில் இருந்தேன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஆலோசகர் அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். அது பொய். முதல் நாளும் அன்று இரவும்தான் இருந்தேன். மறுநாள் காலையில் மாற்று ஆள் வந்துவிட்டார்கள், வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டார்கள்.

இடுப்பளவுத் தண்ணீரில் நம் தெருவுக்கு வந்தேன். அடுப்படிச் சுவர் விழுந்து கிடந்தது. பாதி ஓடு இல்லை. கதவு திறந்து கிடந்தது, உள்ளே ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர். உன்னைக் கூப்பிட்டேன். மூன்று தடவையோ நாலு தடவையோ. தெருவில் ஒரு ஆள் இல்லை. நீ அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. உள்ளே போய்ப் பார்த்திருக்க வேண்டும். கால் போகவில்லை பிரேமா.

அங்கிருந்து மேட்டில் இருக்கிற கல்யாண மண்டபத்துக்குப் போனேன். ஊர்க்காரர்கள் நூறு இருநூறு பேருக்குச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். யாரோ கையில் கரண்டியைக் கொடுத்தார்கள். கிண்ட ஆரம்பித்தேன். அன்று பகல், ராத்திரி, மறுநாள் மத்தியானம் வரை அந்த அண்டாவை விட்டு நகரவில்லை. வந்தவர்கள் எல்லாம் "அண்ணாச்சி, எங்க வீட்டு ஆளுவளப் பாத்தியளா?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். நான் ஒருத்தரிடமும் கேட்கவில்லை. கேட்டால் எவனாவது பதில் சொல்லிவிடுவான் என்று பயம். கேட்காத வரைக்கும் நீ உயிரோடு இருந்தாய்.

மூன்றாம் நாள் கிருபைராஜ்தான் என்னைக் கண்டுபிடித்தான். "லே, ஒம் பொண்டாட்டிய ஸ்கூல் மாடியில இருந்து படகுல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காவ. நீ இங்கன சோத்தக் கிண்டிக்கிட்டு நிக்கியே" என்றான். அந்தப் பள்ளிக்கூடம் மண்டபத்துக்கு எதிரே இருக்கிறது. நடுவில் ஒரு ரோடு. அவன் அதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

உயிரோடு இருக்கிறவளைத் தேடாமல் நின்றேன் என்று உன்னிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருந்து இருந்து அது பெரிதாகிவிட்டது. நீ கேட்கும்போதெல்லாம் கோபப்பட்டேன்.

இன்னொன்று. நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மச்சான் பிள்ளையை எடுத்துப்போய்விட்டார். ஆணா பெண்ணா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். எங்கே வைத்தீர்கள்?

வாய்தாவில் நீ என்ன சொன்னாலும் நான் எதிர்த்துப் பேசமாட்டேன்.

இசக்கிமுருகன்

*

தச்சநல்லூர்
4.8.2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. இரண்டு நாளாகக் கைப்பையிலேயே இருக்கிறது.

நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும்.

பள்ளிக்கூட மாடி ஜன்னலிலிருந்து மண்டபத்து வாசல் நேராகத் தெரிந்தது. ரோட்டில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனதால் யாரும் அந்தப் பக்கம் போகவோ இந்தப் பக்கம் வரவோ முடியவில்லை. அண்டாவுக்கு முன்னால் உங்கள் முதுகைப் பார்த்ததும், பக்கத்து வீட்டுச் சுடலைவடிவு அக்காவிடம், "அக்கா, அவிய அன்னா நிக்காவ" என்று காட்டினேன். "உசுரோட இருக்காவல்லா, அது போதும். வத்தினதும் வந்துருவாவ" என்றார். நான் கத்தினேன், எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்டிருக்காது. மண்டபத்தில் நின்றவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது எங்கள் ஜன்னல்களை அண்ணாந்து பார்த்துக் கையைக் காட்டினார்கள். நீங்கள் மட்டும் பார்க்கவில்லை. மழை விட்டு ஒருமாதிரி மஞ்சள் வெளிச்சம் வந்தது. அண்டாவின் ஆவி எழும்பி உங்களை மறைப்பதும் காட்டுவதுமாக இருந்தது. எனக்கு வலி தொடங்கியது அப்போதுதான். வலிக்கு நடுவிலும் ஜன்னலை விட்டு வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அது எனக்கு ஞாபகம் இல்லை, அக்கா சொன்னார். படகு மறுநாள்தான் வந்தது.

நான் பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் அதற்குத் தகுந்த மாதிரி நீங்கள் ஒரு பதில் சொல்லியிருப்பீர்கள். எனக்கு அது வேண்டாம். நீங்களாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அணைக்கட்டில் இருந்தேன், அணைக்கட்டில் இருந்தேன் என்றே சொன்னீர்கள். நானும் பிள்ளையும் வேண்டாம் என்றுதான் இந்த மனுஷன் திரும்பிப் பார்க்கவில்லை, அதை மறைக்கிறார் என்று முடிவு செய்துகொண்டேன். வீட்டுக்குப் போனீர்கள், கூப்பிட்டீர்கள் என்பது எனக்குத் தெரியாது. பயந்திருப்பீர்கள் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அத்தனை தண்ணீருக்கு மேல் மதகில் நிற்கிற ஆளுக்குப் பயம் வரும் என்று யார் நினைப்பார்கள்?

பதினான்காம் தேதி என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கோபம் போய்விட்டது என்று எழுதினால் பொய். இந்தக் கடிதத்தையும் அதையும் சேர்த்துப் பார்க்காதீர்கள்.

பெண். தலை நிறைய முடி. விரல்கள் உங்களுக்கு இருக்கிற மாதிரி நீளம். நான் கொஞ்சநேரம் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அண்ணன் இங்கே கொண்டுவந்து, எங்கள் இடுகாட்டின் கிழக்கு ஓரத்தில் ஒரு உடைமரத்துக்கு அடியில் வைத்தார். கல் எதுவும் நடவில்லை. இடம் எனக்கும் அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும். மூன்றாவதாக ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். அண்ணனிடம் சொல்லிவிட்டேன், அவர் ஒன்றும் பேசமாட்டார். தச்சநல்லூர் பஸ் நிறுத்தத்தில் எட்டு மணிக்கு நான் நிற்பேன். சாப்பிட்டுவிட்டு வாருங்கள், திரும்ப நேரமாகும்.

அவளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டு வாருங்கள். நானும் ஒன்று வைத்திருக்கிறேன், நீங்கள் முதலில் சொல்லுங்கள்.

பிரேமா