நிறுத்திய பின் ஒரு பார்வை

அன்புத் தோழிக்கு,

மேசை இழுப்பறையைத் துப்புரவு செய்தபோது உங்கள் டிபன் பாக்ஸின் மூடி இன்று கைக்கு வந்தது. விளிம்பில் உங்கள் பெயரின் முதலெழுத்தும் அதனருகே ஒரு சிறு பூவும் வெட்டப்பட்டிருக்கின்றன. டப்பா உங்கள் வீட்டில் இருக்கும். மூடி மட்டும் என்னிடம் ஏன் தங்கியது என்பதை அறிந்தவர் இருவர். இப்போது நான் ஒருத்தி.

நெட்வொர்க் கார்டை இயக்கும் நிரலை டிரைவர் என்கிறோம். இந்த மூடியின் கதை நான் தனித்து எழுதிய முதல் டிரைவரோடு தொடங்கியது. பொறியியல் கல்லூரியின் வாசலை மிதித்தவள் அல்லேன். மதுக்கரையிலிருந்து வரும் பேருந்தில் பிறர் எழுதிய நிரல்களை வரிவரியாகப் படித்தே இத்தொழிலைக் கற்றேன். அதைச் சொல்லிக்கொள்வதில் இன்றும் எனக்குப் பெருமிதமே. ஒரே ஒரு செயலி, அதாவது பிராசசர், உள்ள கணினியில் என் டிரைவர் பிசகின்றி ஓடியது. பல செயலிகள் உள்ள கணினியிலோ, வேலை மிகும் வேளையில், கார்டு ஊமையாகிவிடும். பிழை என்று எதையும் அறிவிக்காது. வெறும் மௌனம்.

கார்டையும் டிரைவரையும் வாங்கவிருந்தது ஒரு மருத்துவமனை. "நிரலுக்கு நடுவுல கொஞ்சம் தாமதத்தப் போட்டு அனுப்பிருங்க. முடியலீன்னா வேற டீமுக்கு மாத்திருவோம்," என்றார் மேலாளர். தாமதம் பிழையை அரிதாக்கும், அகற்றாது. என் படைப்பைப் பிறர் கையில் கொடுக்கவும் எனக்கு மனமில்லை.

பக்கத்து மேசையிலிருந்து நீங்கள் எழுந்து வந்தீர்கள். "ஏனுங்க அம்மணி, படிச்சது போதும். வாங்க, நடிச்சுப் பாத்துருவோம்."

உணவுக்கூட மேசையில் டம்ளர்களை வட்டமாக அடுக்கினீர்கள். நீங்கள் ஒரு செயலி. அனுப்ப வேண்டிய தரவுக்குப் பதிலாகத் தண்ணீரை நிரப்புவீர்கள். நான் மற்றொரு செயலி. அனுப்பி முடிந்தவற்றைக் காலி செய்வேன். எல்லா டம்ளர்களும் நிரம்பிவிட்டால் நீங்கள் இந்த மூடியை நடுவில் வைத்துவிட்டு ஓய்ந்திருப்பீர்கள். காலி செய்து முடித்ததும் நடுவில் மூடியைக் கண்டால் நான் உங்களைக் கூப்பிட வேண்டும். என் நிரலின் சாரம் அவ்வளவே.

எத்தனை முறை நடித்தும் பிழை தோன்றவில்லை. "நீங்க வெச்சு முடிங்க, அப்பறம் எடுக்கறேன்," என்பேன். "பரவால்லீங்க, நீங்க மொதல்ல," என்பீர்கள். ஆண்டுக்கணக்கில் அருகருகே அமர்ந்தும் 'வாங்க, போங்க'வைக் கைவிடாத நாம், ஒருவர் கை நீண்டால் மற்றவர் கையை இழுத்துக்கொண்டோம். மேசை துடைக்க வந்த அக்கா நின்று பார்த்தார். "ரெண்டு பேரும் சொப்பு வெச்சு வெளையாடறீங்களாக்கு? இதுக்கெல்லாம் சம்பளம் குடுக்கறாங்களா?"

நீங்கள் சிரித்தீர்கள். பிறகு சிரிப்பு நின்றது. "நம்ம மரியாதைதானுங்க கெடுக்குது. சிப்புக்கு ஏதுங்க மரியாதை? எனக்காக நிக்காதீங்க. உங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க."

எல்லா டம்ளர்களும் நிரம்பின. உங்கள் கை மூடியை நோக்கி நீண்டது. நான் காத்திருக்கவில்லை, அனைத்தையும் வாளியில் கவிழ்த்தேன். நடுவில் மூடி இல்லை. எனவே எவரையும் கூப்பிடத் தேவையில்லை என்று கைகட்டி அமர்ந்தேன். அப்போதுதான் நீங்கள் மூடியை வைத்துவிட்டு, என் அழைப்பை எதிர்பார்த்துச் சாய்ந்துகொண்டீர்கள். நமக்கிடையே காலி டம்ளர்கள்.

"அம்மணி," என்றீர்கள் மெதுவாக. "இப்ப என்னைய யாருங்க கூப்பிடுவாங்க?"

எவரும் கூப்பிட மாட்டார்கள். அதுவே அந்த மௌனம்.

திருத்தம் மிகச் சிறியது. மூடியை வைத்து, அது மற்றச் செயலிகளுக்கும் தெரிந்தபின், ஓய்வதற்கு முன் டம்ளர்களை இன்னொரு முறை பார்ப்பது. காலியாக இருந்தால் தானே எழுந்துகொள்வது. "நின்னதுக்கப்பறம் ஒருக்கா திரும்பிப் பாக்கோணும், அவ்வளவுதானுங்க," என்றீர்கள். டிரைவர் தாமதம் ஏதுமின்றி, என் பெயரிலேயே மருத்துவமனைக்குச் சென்றது. "அடுத்த பிழைக்கு வேணுமுங்க, வெச்சுக்கங்க," என்று மூடியை என் மேசையில் விட்டுப் போனீர்கள்.

நோயுற்றிருந்த உங்களை நான் கடைசியாகக் காண வந்த மாலையில், நீங்கள் கண் மூடியிருந்தீர்கள். உறக்கத்தைக் கெடுத்தல் மரியாதையன்று எனக் கருதி, சற்று நேரம் அமர்ந்துவிட்டு ஓசையின்றி எழுந்தேன். கதவருகே சென்று நின்றேன். நின்றபின் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் விழித்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சோ என்னமோன்னு கூப்பிடலீங்க," என்றீர்கள்.

திரும்பி வந்து அமர்ந்தேன். அந்தப் பேருந்து போயிற்று, அதற்கடுத்ததும் போயிற்று. உங்கள் மகளின் படிப்பு, என் பிடிவாதம், சொப்பு வைத்து விளையாடிய இரண்டு பெண்கள் என்று பேசிக்கொண்டே இருந்தோம். அந்த மாலை என்னிடம் முழுமையாக இருக்கிறது.

மூடியைத் துடைத்து இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். பூட்டிய பின், மறுபடியும் ஒருமுறை திறந்து பார்த்தேன்.