சாயம் பார்க்கும் மேசையில் ஆள் இருக்கிறார்

அனுப்புநர்
ஓய்வு பெற்ற விளக்குப் பராமரிப்பாளர்
(கிடங்கில் வழங்கும் பெயர்: ஏணி),
துணிக் கிடங்கின் பின்சுவருக்கு எதிர் வீடு, மாடி.

பெறுநர்
தொழிலக ஆய்வாளர் அவர்கள்,
தொழிலாளர் நல அலுவலகம்.

பொருள்: புதிய எல்.ஈ.டி. விளக்குகளுடன் பொருத்தப்பட்ட சென்சாரின் பதிவை மட்டும் நம்பி, பணியில் இருந்தவரை இல்லாதவர் என்று குறித்தது – விசாரணைக்கு முன் தங்கள் நேரடிப் பார்வையைக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நாள் முழுவதும் தன் மேசையில் உட்கார்ந்து வேலை செய்த என் மனைவி, அந்த நேரத்தில் அங்கே இல்லவே இல்லை என்று துணிக் கிடங்கு நிர்வாகம் எழுதிக் கொடுத்திருக்கிறது. இது பொய். வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. அது முடிந்ததும் அவளை வேலையிலிருந்து நீக்கும் உத்தரவும் தயாராக இருப்பதாக அறிகிறேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் வேலை செய்தவள் 'இல்லாதவள்' என்ற பெயரோடு வெளியே வரக்கூடாது. அதற்காகவே இம்மனு.

2. முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். நான் புதிய விளக்குகளுக்கு எதிரி அல்ல. அவை வேண்டும் என்று நிர்வாகத்துக்கு நான்கு ஆண்டுகளில் பதினொரு மனுக்கள் எழுதியவன் நான். பழைய மஞ்சள் விளக்குகளை இருபத்தொன்பது ஆண்டுகள் ஏணியில் ஏறி மாற்றியவனும் நான். மின்சாரம் ஒருமுறை போய் வந்தால் அவை முழு வெளிச்சத்துக்கு வர கால் மணி நேரம் ஆகும். அந்த வெளிச்சத்தில் கருநீலமும் கறுப்பும் இரட்டைப் பிள்ளைகள். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. மின்சாரத்தைப் புத்தகத்தில் கற்கவில்லை. இரண்டு முறை அது என்னைத் தூக்கி எறிந்த பிறகு கற்றுக்கொண்டேன். ஆனாலும் நல்ல விளக்கு எது என்று எனக்குத் தெரியும்.

3. என் மனைவியின் வேலை சாயம் ஒப்பிடுவது. வெளியே போகும் ஒவ்வொரு துணிச் சுருளின் மேலும் மாதிரித் துண்டை வைத்து, இரண்டும் ஒரே நிறமா என்று பார்க்க வேண்டும். அவள் தவறினால் சட்டையின் உடம்பு ஒரு நிறத்திலும் கை வேறு நிறத்திலும் போய்ச் சேரும். மஞ்சள் விளக்குக் காலத்தில் சந்தேகமான சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு, லாரி நிற்கும் வாசல்வரை வெயிலுக்குத் தூக்கிப் போவாள். போன ஆண்டு கடைசியில் எல்.ஈ.டி. வந்தது. முதல் நாள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே சொன்னாள்: “ஏங்க, பழுப்புல எத்தனை பழுப்பு இருக்குன்னு இன்னைக்குத்தான் பாத்தேன்.” அதற்காக நிர்வாகத்துக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

4. பிறகு மின்சாரத்தை இன்னும் மிச்சப்படுத்த ஒவ்வொரு விளக்கிலும் சென்சார் வைத்தார்கள். மூன்று நிமிடம் யாரும் அசையாவிட்டால் விளக்கு பத்தில் ஒரு பங்காக மங்கிவிடும். அலமாரிகளுக்கு இடையில் ஆட்கள் வந்து போகும் வழிகளுக்கு அது மிகச் சரி. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் ஜன்னல் இல்லாத பின்மூலையில், சாயம் பார்க்கும் மேசைக்கு மேலும் அதையே வைத்தார்கள். அங்கே இருப்பவள் அசைய மாட்டாள். மாதிரித் துண்டை வைத்துவிட்டால் அவள் மூச்சு விடுகிறாளா என்று அருகில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். கிடங்கில் சிறியவர், பெரியவர் எல்லோரும் அவளைச் 'சிலை அக்கா' என்று கூப்பிடுவது எதனால் என்று நிர்வாகம் ஒரு நாளாவது யோசித்திருக்கலாம்.

5. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வெளிச்சம் போகும். அவள் கையை உயர்த்தி ஆட்டுவாள். வெளிச்சம் வரும். கண் மறுபடி பழக வேண்டும்; பார்த்த நிறத்தைத் திரும்பவும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். “இந்த வயசுல என்னை ஆட வச்சுட்டாங்க” என்று முதலில் சிரித்தாள். சுமை தூக்குபவர்கள் நல்லவர்கள். அந்தப் பக்கம் வேலை இல்லாதபோதும் “சிலை அக்கா, நாங்க ஆடுறோம், நீங்க பாருங்க” என்று கையை வீசிக்கொண்டு கடந்து போவார்கள். அவர்களும் எத்தனை முறை போக முடியும்? இரண்டாம் மாதத்தில் ஒரு நாள், வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் இடது கை தானாக உயர்ந்தது. தலைக்கு மேலே ஒருமுறை அசைந்துவிட்டு இறங்கியது. அது அவளுக்குத் தெரியவில்லை. நான் தண்ணீர் எடுப்பதுபோல எழுந்து போய்விட்டேன்.

6. அந்த மாதம்தான் முதல் குறிப்பாணை வந்தது. அசைவு தெரியாத ஒவ்வொரு மூன்று நிமிடத்தையும் கூட்டி, நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு மணி நேரம் 'பணியிடத்தில் ஆள் இல்லை' என்று சென்சார் பதிவு சொல்கிறதாம். மேலாளர் அவளிடம், “மெஷின் பொய் சொல்லாதும்மா” என்றாராம். ஐயா, அதே மாதம் அவள் பார்த்துக் கையெழுத்திட்ட சுருள்கள் நானூற்றுப் பன்னிரண்டு. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஆள் இல்லாத மேசையிலிருந்து அவை தாமாக நடந்து போயினவா என்று மேலாளரைக் கேட்க வேண்டுகிறேன்.

7. இனி நான் செய்த தவறு. மத்தியானம் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில், பழைய பழக்கத்தால் வாசல் காவலர் என்னை உள்ளே விட்டார். மனைவி கை கழுவப் போயிருந்தாள். அவள் காலடியில் ஓடும் மின்விசிறிக்கு எதிரே, அலமாரிக் கம்பியில் ஒரு முழம் சிவப்பு நாடாவைக் கட்டினேன். நாடா ஆடியது, விளக்கு மங்கவில்லை. ஒன்பது நாட்கள் அவள் கையை ஆட்டாமல் வேலை செய்தாள். ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. மழை வரும்போல் இருக்கிறது என்று நான் வாசலில் நின்று அவசரப்படுத்தியதில் விசிறியை அணைக்காமல் வந்துவிட்டாள். மறுநாள் விடுமுறை. கிடங்கு பூட்டிக் கிடந்தது. நாடா மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை பதிவைப் பார்த்தால், விடுமுறை நாள் முழுவதும் சாயம் பார்க்கும் மேசையில் ஆள் இருந்திருக்கிறார்!

8. இதைத் தாங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். உயிரோடு உட்கார்ந்திருந்த என் மனைவியை ஆள் இல்லை என்ற அதே கருவி, ஒரு முழம் நாடாவை ஆள் என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. இதற்குப் பிறகும் அதன் பேச்சை எப்படி நம்புவது? நிர்வாகம் அப்படி யோசிக்கவில்லை. நாடாவைக் கண்டுபிடித்து முடிச்சோடு எடுத்து வைத்துக்கொண்டு, கருவியை ஏமாற்றினார் என்று என் மனைவிக்கு இரண்டாவது குறிப்பாணை கொடுத்தது.

9. நாடாவைக் கட்டியது யார் என்று கேட்டபோது அவள் வாய் திறக்கவில்லை. வீட்டில் நான் குதித்தேன். “நீங்க உள்ள வந்தது தெரிஞ்சா காவலர் வேலையும் போகும். அவருக்கு மூணு பிள்ளைங்க. நமக்கு நாம ரெண்டு பேருதானே. பேசாம உக்காருங்க” என்றாள். ஆறு நாட்கள் பேசாமல் உட்கார்ந்தேன். எனக்கு அது வரவில்லை. சிலையாக இருப்பது அவளுக்குத்தான் வரும்.

10. இந்தப் பத்தி மனுவுக்குத் தேவையில்லை என்று ஒருமுறை அடித்துவிட்டு, சாட்சியம் என்ற முறையில் மறுபடி எழுதுகிறேன். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், நான் வேலைக்குச் சேர்ந்த வாரம், அதே மேசைக்கு மேலே விளக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். கீழே ஒரு பெண் உட்கார்ந்திருப்பதை நான் கவனிக்கவில்லை. அவ்வளவு அசையாமல் இருந்தாள். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க” என்ற குரல் கேட்டுப் பிடி நழுவி, விழாமல் தப்பினேன். அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. ஆகவே, அவளை அங்கே இல்லை என்று முதலில் நினைத்தது இந்த சென்சார் அல்ல, நான். ஆனால் கேட்டதும் தள்ளி நின்றேன். நிர்வாகத்திடமும் அதையே கேட்கிறேன்.

ஆகவே கீழ்க்கண்டவை வெள்ளிக்கிழமைக்குள் நடக்க வேண்டும்:

அ. தாங்கள் செய்ய வேண்டியது: முன்னறிவிப்பின்றி ஒருமுறை கிடங்குக்கு வந்து, அவள் வேலை செய்யும்போது பத்து நிமிடம் அந்த மேசைக்குப் பக்கத்தில் நிற்பது. தாங்களும் அசையாமல் நிற்க வேண்டும். மற்றதை விளக்கே சொல்லும்.

ஆ. மேலாளர் செய்ய வேண்டியது: இரண்டு குறிப்பாணைகளையும் திரும்பப் பெற்று, 'ஆள் இருந்தார்' என்று எழுதிக் கையெழுத்திடுவது. வாய்வார்த்தை போதாது.

இ. விளக்கு நிறுவிய ஒப்பந்தக்காரர் செய்ய வேண்டியது: கிடங்கின் மற்ற விளக்குகளை அப்படியே விட்டுவிட்டு, அந்த ஒரு விளக்கில் மட்டும் சென்சாரை நீக்கிச் சாதாரண சுவிட்ச் வைப்பது. பத்து நிமிட வேலை. அவருக்கு நேரமில்லை என்றால் நான் ஏறுகிறேன். ஏணியைப் பிடிக்க ஒருவர் போதும்.

ஈ. காவலர் மீது யாரும் எதுவும் செய்யக்கூடாது. அவர் என்னை உள்ளே விடவில்லை, நான் பின்சுவர் ஏறிக் குதித்தேன் என்று எழுதிக்கொள்ளலாம். அறுபத்தாறு வயதிலும் கையெழுத்திடத் தயார்.

உ. நான் செய்ய வேண்டியவை இரண்டு. விசாரணைக்கு வந்து, கட்டியவன் நான் என்று சொல்வது. நிர்வாகம் உறையில் வைத்திருக்கும் நாடாவில் உள்ளது விளக்குக்காரர் போடும் முடிச்சு. என் மனைவிக்கு அதைப் போடத் தெரியாது. மற்றொன்று, இம்மனுவைத் தபாலில் சேர்க்கும் முன் அவளுக்குப் படித்துக் காட்டுவது. இரண்டில் இதுதான் கடினம். இன்று மாலை அவள் வேலை முடிந்து வந்ததும் செய்துவிடுவேன்.

நாள்: பதினொன்றாம் தேதி, திங்கட்கிழமை
இடம்: கிடங்குச் சாலை

தங்கள் பார்வைக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
ஏணி

இணைப்பு:
1. குறிப்பாணைகள் இரண்டின் நகல்.
2. அதே முடிச்சு போட்ட சிவப்பு நாடா, ஒரு முழம். மாதிரிக்கு, பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க.